வெற்றிலை வேறு, வெற்றிலை பாக்கு வேறு

கேள்வி: வணக்கம் டாக்டர். என் மாமியாருக்கு 61 வயது. இளம் வயதிலிருந்தே சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு போடும் பழக்கம் உண்டு. புகையிலையைத் தொட்டதே இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையும் இதயத்துக்காக ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். யாரோ சொன்னதைக் கேட்டு, இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெற்றிலைச் சாறும் குடிக்கிறார். சர்க்கரை குறையும், உடம்பும் இளைக்கும் என்கிறார். கொஞ்ச நாளாகக் காரம் சாப்பிட்டால் வாய் எரிகிறதாம். அதற்கும் வெற்றிலையே மருந்து என்று கூடுதலாக ஒருவேளை போடுகிறார். என் மகனுக்கு எட்டு மாதம். சளி பிடித்தால் வெற்றிலைச் சாற்றில் தேன் கலந்து கொடு, நெஞ்சில் கற்பூரம் தடவி வெற்றிலையை வாட்டிப் போடு என்கிறார். எனக்குப் பால் கட்டிக்கொண்டபோது அவர் வெற்றிலை வைத்துவிட்டதில் வலி குறைந்தது உண்மை. முகப்பருவுக்கும் அரைத்துப் பூசச் சொல்கிறார். என் கணவரோ, வெற்றிலை என்றாலே புற்றுநோய்தான், தொட்டியில் இருக்கும் கொடியைப் பிடுங்கி எறி என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். காரம் சாப்பிட்டால் மாமியாருக்கு வாய் எரிகிறது என்றீர்களே, அது. மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்றைக்கே அவரை நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து, வாயை முடிந்தவரை திறக்கச் சொல்லுங்கள். அவருடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்படி நுழைத்துப் பார்க்கட்டும். மூன்று விரலும் தாராளமாக நுழைந்தால் வாய் சரியாகத் திறக்கிறது என்று பொருள். இரண்டு விரலோடு நின்றுவிட்டால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது. அப்புறம் கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய சதை வெளிறி, பளிங்கு போலத் தெரிகிறதா? விரலால் தடவினால் உள்ளே கயிறு போல ஏதாவது தட்டுப்படுகிறதா? நாக்கை வெளியே நீட்ட முடிகிறதா? வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் உண்டா?

இதில் எது இருந்தாலும், எதுவுமே தெரியாவிட்டாலும்கூட, இந்த வாரமே ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீண்ட காலம் பாக்கு மென்றவருக்குக் காரம் எரிவது, ‘ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்’ என்ற நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். வாயின் உட்சதை நார் நாராகக் கட்டி இறுகுகிற நோய் அது. வேறு காரணங்களாலும் எரிச்சல் வரும். இரத்தசோகை, வைட்டமின் குறைவு, சர்க்கரை நோயாளிகளுக்கு வாயில் வரும் பூஞ்சைத் தொற்று என்று பல உண்டு. எதனால் என்பதை வாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் மாமியார் நாட்டு மருத்துவத்தை நம்புகிறவர் என்று தெரிகிறது. அதனால் பல் மருத்துவரிடம் போகச் சொன்னது ஒரு சித்த மருத்துவர்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். பார்த்து முடியும் வரை பாக்கும் சுண்ணாம்பும் வேண்டாம், வெற்றிலையும் வேண்டாம். ஏற்கெனவே எரியும் சதையில் வெற்றிலையின் காரம் படவேண்டிய அவசியமில்லை.

புகையிலை தொட்டதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறார்கள். புகையிலை சேர்ந்தால்தான் ஆபத்து, வெறும் பாக்கு செரிமானத்துக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். 1985 வாக்கில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைத்தான் உறுதியாகக் குற்றம்சாட்டியது. அதற்குப் பிறகு சேர்ந்த ஆதாரங்களைப் பார்த்துவிட்டு, 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத தாம்பூலத்தையும் பாக்கைத் தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. சிகரெட் புகை இருக்கும் அதே பிரிவு. அந்த முடிவு வந்து இரண்டு பத்தாண்டுகள் ஆகிவிட்டன. வீடுகளுக்குள் இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பாக்கு வாய்க்குள் செய்யும் வேலையைச் சொல்கிறேன். அதில் அரிக்கோலின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சதைக்கு அடியில் நார் உற்பத்தி செய்யும் செல்களை அது தூண்டிவிடுகிறது. பாக்கின் துவர்ப்புக்குக் காரணமான டானின், அப்படி உண்டான நார் இயல்பாகக் கரைந்துபோவதைத் தடுக்கிறது. பாக்கில் தாமிரமும் கணிசமாக உண்டு. அது நாரோடு நாரைப் பின்னிக் கெட்டிப்படுத்தும் நொதிக்கு உதவுகிறது. ஆக, நார் அதிகம் உண்டாகிறது, கரைவதில்லை, மேலும் இறுகுகிறது. சுண்ணாம்பு சேரும்போது வாய்க்குள் காரத்தன்மை (நாக்கில் உறைக்கும் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) ஏறி, அரிக்கோலின் இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாறுகிறது. சதையை அரித்துப் புண்ணாக்கி, மற்றவை உள்ளே இறங்க வழியும் செய்துகொடுக்கிறது. இந்த நோய் வந்தவர்களை இந்தியாவில் 17 ஆண்டுக் காலம் கவனித்த ஓர் ஆய்வில், 7.6 சதவீதம் பேருக்கு அது புற்றுநோயாக மாறியது. கட்டிய நாரை முழுவதும் கரைக்கும் மருந்து ஆங்கிலத்திலும் இல்லை, சித்தத்திலும் இல்லை. ஆனால் பாக்கை நிறுத்தினால் நோய் மேலும் ஏறாமல் தடுக்கும் வாய்ப்பு நிச்சயம் கூடும். வாய் திறப்பை மீட்கப் பயிற்சிகளும் சிகிச்சைகளும் இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது.

சரி, இந்தக் குற்றப்பட்டியலில் வெற்றிலை எங்கே இருக்கிறது? தனி இலையாக அது பட்டியலில் இல்லை. பாக்கு இருக்கிறது, பாக்கோடு மடித்த தாம்பூலம் இருக்கிறது, புகையிலை இருக்கிறது. பாக்கும் சுண்ணாம்பும் இல்லாமல் எப்போதாவது மெல்லும் வெற்றிலைதான் புற்றுநோய் தருகிறது என்று சொல்ல ஆதாரம் கிடையாது. உங்கள் கணவரின் பயம் நியாயமானது, ஆனால் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறார். உங்கள் மாமியாருக்கு இலைமேல் இருக்கும் நம்பிக்கையும் பாதி நியாயமானதுதான். அந்த நம்பிக்கையின் நிழலில் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து தப்பித்துக்கொள்கின்றன. வீட்டில் இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு பொருள்களைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாக்கை விடச் சொல்வது எளிது, விடுவது எளிதல்ல. அரிக்கோலின் நரம்பு மண்டலத்தைத் தொடுகிற பொருள். சுறுசுறுப்பையும் லேசான கிறக்கத்தையும் தரும். பல ஆண்டுப் பழக்கத்தை நிறுத்தும்போது முதல் சில நாள்கள் எரிச்சல், சோர்வு, தலைவலி, தூக்கமின்மை வரலாம். அது அவருடைய பிடிவாதம் அல்ல, உடம்பு கேட்கிறது. அந்த நாள்களில் அவரோடு வாதாட வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் வாயில் போட ஏதாவது வேண்டும் என்ற தேவைக்கு நாலு சோம்பு, ஒரு ஏலக்காய் கையில் இருக்கட்டும். சீவல், களிப்பாக்கு, வாசனைப் பாக்கு, பாக்கு கலந்த பொட்டலங்கள் எல்லாம் ஒரே பொருள்தான். ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதால் பயனில்லை. வாய் ஆறி, பல் மருத்துவரும் சரி என்ற பிறகு, ஆசைப்பட்டால் காம்பு கிள்ளிய ஒரு வெற்றிலையைச் சோம்போடு எப்போதாவது மெல்லட்டும். மறுபடி பாக்கு நினைவைக் கிளறும் என்று தெரிந்தால் அதுவும் வேண்டாம்.

சுண்ணாம்பைப் பற்றி இன்னொன்று. வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறான், தவழ்கிறான் அல்லது தவழப் போகிறான். சுண்ணாம்பு டப்பாவை அவன் கை எட்டாத உயரத்தில் வையுங்கள், முடிந்தால் வீட்டைவிட்டே அனுப்புங்கள். குழந்தைகளின் கண்ணில் சுண்ணாம்பு பட்டுக் கருவிழி வெந்து பார்வை போவது கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் துயரம். எப்போதாவது கண்ணில் பட்டுவிட்டால், எந்த இலைச் சாறும் தாய்ப்பாலும் விடாமல், உடனே சுத்தமான தண்ணீரை 20 நிமிடமாவது தொடர்ந்து ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிதறிக் கிடக்கும் பாக்குத் துண்டும் இந்த வயதில் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். சுண்ணாம்பில் கால்சியம் இருக்கிறதே என்று மாமியார் கேட்டால், எலும்புக்குக் கால்சியம் வேண்டுமென்றால் பாலிலும் கேழ்வரகிலும் கீரையிலும் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இனி இலைக்கு வருவோம். வெற்றிலைக் கொடி மிளகுக் கொடியின் நெருங்கிய உறவு, இரண்டும் ஒரே பேரினம். மெல்லும்போது நாக்கில் ஏறும் அந்த விறுவிறுப்பு அதனால்தான். சித்த மருத்துவம் இதைக் கார்ப்புச் சுவையும் வெப்பத் தன்மையும் கொண்ட சரக்காக வைக்கிறது. உமிழ்நீரைப் பெருக்கும், பசித்தீயைத் தூண்டும், வயிற்று வாயுவை அகற்றும், கபத்தை இளக்கும், அழுகலை நீக்கும் என்பவை அதற்குச் சொல்லப்படும் செய்கைகள். சாதாரண வெற்றிலை, மணம் மிகுந்த கற்பூர வெற்றிலை, கருத்துக் காரம் ஏறிய கம்மாறு வெற்றிலை என்று வகையும் பிரித்தார்கள். (கற்பூரவல்லி முற்றிலும் வேறு செடி. சளிக்குக் கொடுத்தது வெற்றிலை அல்ல, அதுதான் என்பது சில வீடுகளில் பேசிப் பார்த்தால்தான் தெரியவரும். ஆகவே எந்த இலை என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.) வேதியியல் பக்கம் பார்த்தால், இலையின் எண்ணெயில் சாவிகால், சாவிபெட்டால், யூஜினால் போன்றவை இருக்கின்றன. யூஜினால் கிராம்புக்கு மணம் தருவது. ஹைட்ராக்ஸிசாவிகால் என்ற பொருள் இலையில் நிறைய உண்டு. வாயில் வாழும் சில கிருமிகளை இவை அடக்குவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். வாய் நாற்றத்துக்கு முன்னோர் இதை மென்றதில் பொருள் இருக்கிறது.

ஆனால் உங்கள் மாமியார் அறிந்திருக்க வேண்டிய முக்கியமான விஷயம், சித்த மருத்துவத்தில் வெற்றிலைக்குக் கிடைத்திருக்கும் இடம். பெரும்பாலும் அது ஒரு துணைமருந்து. அனுபானம் என்போம். கபநோய்க்குக் கொடுக்கும் மாத்திரையை இழைக்க, சூரணத்தைக் குழைக்க, இஞ்சிச் சாறு, துளசிச் சாறு போல வெற்றிலைச் சாற்றையும் எடுத்துக்கொள்வோம். சில மருந்துகளை அரைக்கவே இந்தச் சாறுதான் பயன்படும். முக்கியமான மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அதற்கு. இந்த வேலைக்கு வேண்டியது சில துளிகள் முதல் ஒரு டீஸ்பூன் வரை. தனியாக, டம்ளர் கணக்கில், மாதக்கணக்கில் குடிக்கும் வழக்கம் நான் படித்த மருத்துவத்தில் இல்லை. அது அண்மையில் கிளம்பிய பழக்கம்.

சர்க்கரையைக் குறைக்கும் என்ற பேச்சுக்கு அடிப்படை, எலிகளில் நடந்த சோதனைகள். மனிதரில் சர்க்கரை மாத்திரைக்கு மாற்றாக வெற்றிலையை வைக்கும் அளவுக்கு எதுவும் நிரூபணமாகவில்லை. உடம்பு இளைக்க வெற்றிலையும் மிளகும் என்ற குறிப்பும் அப்படியே. ஆய்வுக்கூடச் சோதனைகளில் ஹைட்ராக்ஸிசாவிகால் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கிறது. ஆஸ்பிரின் செய்வதும் அதைத்தான். இரண்டும் சேர்ந்தால் இரத்தம் உறைவது தாமதமாகலாம். ஒரு இலையால் பெரிய வித்தியாசம் வராது, ஆனால் தினம் ஒரு டம்ளர் செறிந்த சாறு என்பது வேறு கணக்கு. அதோடு, சில பகுதிகளில் விளையும் வெற்றிலையின் எண்ணெயில் சஃப்ரோல் என்ற பொருள் அதிகமாக இருக்கிறது. எலிகளில் கல்லீரல் புற்றை உண்டாக்கியதால் அதை உணவில் சேர்க்கப் பல நாடுகள் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. இலையைப் பார்த்து அதில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. வெறும் வயிற்றில் இவ்வளவு காரமான சாறு வயிற்றெரிச்சலும் தரும். ஆகவே அந்த டம்ளரை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையைக் குறைத்திருக்கிறாரா என்றும் மெதுவாகக் கேளுங்கள். இப்படிச் சாறு குடிப்பவர்களில் சிலர் வீட்டுக்குத் தெரியாமல் அதைச் செய்துவிடுகிறார்கள். பல் பிடுங்கவோ வேறு அறுவை சிகிச்சைக்கோ போனால், ஆஸ்பிரினோடு இந்தச் சாறு குடித்ததையும் சொல்ல வேண்டும்.

யாருக்குத் தாம்பூலம் ஆகாது என்று பழைய மருத்துவ நூல்களே சொல்லிவைத்திருக்கின்றன. இரத்தம் கசியும் நோய் உள்ளவர், அடிபட்டு மெலிந்தவர், தாகத்தாலும் மயக்கத்தாலும் வாடுபவர், பலவீனர், வாய் வறண்டவர் இவர்களுக்கெல்லாம் நல்லதல்ல என்கிறது சுசுருத சம்ஹிதை. ‘பழைய மருத்துவம் சொன்னது’ என்று பேசுகிறவர்கள், அது சொன்ன தடைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

அப்படியானால் பெரியவர்கள் எதற்குப் பயன்படுத்தலாம்? சாதாரணச் சளி, தொண்டையில் கட்டிய கபம், சாப்பிட்டபின் வயிறு உப்புசம், இவற்றுக்கு. கழுவிய இரண்டு வெற்றிலையைக் கிள்ளிப் போட்டு, நாலைந்து மிளகைத் தட்டிச் சேர்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் பாதியாகும் வரை கொதிக்கவைத்து வடிகட்டி, இளஞ்சூட்டில் காலை, மாலை என்று இரண்டு, மூன்று நாள் குடிக்கலாம். சாறுதான் வேண்டுமென்றால், இலையை அனலில் லேசாக வாட்டிப் பிழிய வேண்டும். பச்சையாகக் கசக்கினால் எளிதில் சாறு இறங்காது. ஒரு டீஸ்பூன் சாற்றில் அதே அளவு தேன் சேர்த்து ஒருநாளைக்கு இரண்டு முறை போதும். சர்க்கரை உள்ளவர்கள் தேனை விட்டுவிடலாம். மூன்று நாளில் குறையாத இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல், சளியில் இரத்தம் என்றால் வெற்றிலையின் வேலை முடிந்தது. வாய்ப்புண், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இதுவும் வேண்டாம். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்பவர்களும் சாறு, கஷாயமாக எடுக்க வேண்டாம். வெற்றிலைக் காம்பின் சாரம் எலிகளில் கருத்தரிப்பைத் தடுத்ததாக ஆய்வுகள் உண்டு. வெற்றிலை வேரை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்தும் நாட்டு வழக்கமும் இருந்தது.

தேள்கடி, பாம்புக்கடிக்கு வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்பது உண்டு. காரம் தெரிகிறதா இல்லையா என்று பார்த்து விஷம் ஏறியதா என்று முடிவுசெய்வதும் உண்டு. அதற்கு ஒரு நிமிடம்கூடச் செலவிடாதீர்கள். நேரே மருத்துவமனைதான்.

குழந்தை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள், முதிராத குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். குழந்தை துவண்டு, பால் குடிக்க முடியாமல், மலம் கட்டி, மூச்சே தடுமாறும் நிலை வரும். சுத்தமான தேன், மலைத்தேன் என்பதெல்லாம் இதற்குப் பதிலல்ல, காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. வெற்றிலைச் சாற்றையும் வாய்வழியாக இந்த வயதில் வீட்டு வைத்தியமாகக் கொடுக்காதீர்கள். கடையில் வாங்கிய சித்த மாத்திரையை வெற்றிலைச் சாற்றில் இழைத்துக் கொடுப்பதும் கூடாது. அவற்றில் சிலவற்றில் தாதுச் சரக்குகள் சேரும், அளவை ஒரு மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். கற்பூரம் இன்னும் மோசம். சிறு குழந்தைகளுக்கு அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், தவறி வாயில் போனால் கொஞ்சமே வலிப்பை வரவழைக்கும். மூக்கில் எண்ணெய், இலைச் சாறு விடுவது நுரையீரலில் இறங்கி அங்கே அழற்சியை உண்டாக்கும். இவை எல்லாவற்றையும் மாமியாரிடம் பக்குவமாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். பேரன் மேலுள்ள பாசத்தில்தான் அவர் செய்கிறார், காரணத்தைச் சொன்னால் கேட்பார்.

அவர் கைவைத்தியத்தில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கலாம். வெற்றிலையை லேசாக வாட்டி, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, சூடே உறைக்காத அளவுக்கு ஆறியபின், சட்டைக்கு மேலாகக் குழந்தையின் நெஞ்சில் சில நிமிடம் வைக்கலாம். அந்த இளஞ்சூடு இதமாக இருக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். தோல் சிவந்தால் உடனே எடுத்துவிடுங்கள். உண்மையான மருந்து, அடிக்கடி தாய்ப்பால் கொடுப்பது. மூக்கு அடைத்திருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்த் துளிகள் போதும். குழந்தை அமைதியாக இருக்கும்போது, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அவன் வயதில் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால், மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாய்ந்தால் இரவு நேரமானாலும் காத்திருக்கக் கூடாது.

பால் கட்டியதற்கு வெற்றிலை வைத்தது பல வீடுகளில் நடப்பதுதான். வேடிக்கை என்னவென்றால், வாட்டிய வெற்றிலையை மார்பில் கட்டினால் பால் சுரக்கும் என்று ஒரு பக்கமும், பால் வற்றும் என்று இன்னொரு பக்கமும் மருந்துநூல்கள் சொல்கின்றன. வீக்கமும் வலியும் தணியும் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன, உங்கள் அனுபவமும் அதுதான். பால் கொடுப்பதற்குச் சற்றுமுன் இளஞ்சூடாகக் கொஞ்ச நேரம் வைக்கலாம். காம்பில் படாமல் வையுங்கள், எடுத்தபின் மார்பைத் தண்ணீரால் கழுவிவிட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள். கட்டியபாலுக்கு நல்ல வழி, அந்தப் பக்கத்தில் பால் கொடுப்பதை நிறுத்தாமல் இருப்பதுதான். காய்ச்சலோ குளிரோ வந்து, மார்பு சிவந்து வலித்தால் அது தொற்று. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முகப்பருவுக்கு அரைத்துப் பூசவே பூசாதீர்கள். தைவானில் வாட்டிய வெற்றிலையை முகத்தில் ஒட்டி அழகுச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களைத் தோல் மருத்துவர்கள் பரிசோதித்து, 1999-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். முதலில் முகம் வெளுத்தது, அவர்கள் அதை நிறம் கூடுவதாக நினைத்திருக்கக்கூடும். பிறகு வெண்புள்ளிகளும் கரும்புள்ளிகளும் கலந்த திட்டுகள் வந்தன. இலையில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்கள்தான் கிருமியை அடக்குகின்றன. தோலுக்கு நிறம் தரும் செல்களையும் அவையே தாக்குகின்றன. நெஞ்சிலும் மார்பிலும் வைக்கும்போதுகூட நேரத்தைக் குறைத்து, நாள்தோறும் செய்யாமல் இருக்கச் சொல்வது இதனால்தான்.

கொடியைப் பிடுங்க வேண்டாம். சொல்லப்போனால், வெற்றிலை பயன்படுத்துவதென்றால் வீட்டுக் கொடியின் இலைதான் நல்லது. தோட்டங்களில் இந்தக் கொடிக்கு வேரழுகல், இலைப்புள்ளி என்று நோய்கள் அதிகம், மருந்தடிக்காமல் காப்பாற்றுவது சிரமம். நிழலும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வளர்ந்து, ஈரத்தோடே அடுக்கிக் கட்டி வருவதால் கிருமியும் தங்கும். வங்கதேசத்திலிருந்து வந்த வெற்றிலையில் சால்மொனெல்லா கிருமி திரும்பத் திரும்பத் தென்பட்டதால், ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் அந்த இறக்குமதியையே தடைசெய்தது. பச்சையாக மெல்லும் இலை என்பதால் இது முக்கியம். எந்த இலையானாலும் ஓடும் தண்ணீரில் இரண்டு பக்கமும் விரலால் தேய்த்துக் கழுவி, காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, பின்பக்கத்துப் பெரிய நரம்பையும் உரித்துவிடுங்கள். அழுக்கு அதிகம் தங்குவது அந்த இடங்களில்தான்.

உங்கள் கொடிக்கு நேரடி உச்சிவெயில் வேண்டாம், வெளிச்சமுள்ள நிழல் போதும். மண் ஈரமாக இருக்கட்டும், ஆனால் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி ஒரே வாரத்தில் கொடி சாய்ந்துவிடும். பற்றி ஏற ஒரு குச்சியோ கயிறோ கொடுங்கள். புதுக் கொடி வேண்டுமானால், மூன்று நாலு கணுவுள்ள முற்றிய தண்டை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் பிடித்துக்கொள்ளும். கீழிலையாகப் பார்த்துப் பறியுங்கள், நுனிக் கொழுந்தை விட்டுவிடுங்கள். பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள் அல்லது அந்த இலையைக் கிள்ளி எறியுங்கள். இலை பறிக்கும் கொடிக்கு ரசாயன மருந்து அடிக்காதீர்கள்.